ரோலக்ஸா, டியூடரா? நம்மைக் குழப்பும் இரண்டு வாட்ச்களுக்கும் பின்னால் இருக்கும் ஒரே மனிதர், ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப்!

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல மெக்கானிக்கல் வாட்ச் வாங்கலாம்னு முடிவு பண்றவங்க, ராத்திரி ராத்திரியா ரிவ்யூ வீடியோக்கள் பார்த்து முடித்த பிறகு, பல நேரம் வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் ரோலக்ஸ் எக்ஸ்ப்ளோரர். இன்னொரு பக்கம் டியூடர் ரேஞ்சர்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இரண்டும் ஸ்டீல். இரண்டிலும் கறுப்பு டயல், பெரிய எண்கள், தேதி காட்டும் ஜன்னல் கிடையாது. இரண்டும் 100 மீட்டர் ஆழம் வரை தண்ணீரைத் தாங்கும் என்று உத்தரவாதம். கழற்றி வைத்தால் இரண்டும் சுமார் 70 மணி நேரம் ஓடும். ஆனா பட்டியல் விலையில் ஒரு எக்ஸ்ப்ளோரருக்குக் கொடுக்கிற பணத்தில் ரெண்டு ரேஞ்சர் வாங்கிடலாம். கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

அப்போ அந்தக் கூடுதல் பணம் எதுக்கு? கடைக்காரர் ஒரு பதில் சொல்வார், இன்ஸ்டாகிராம் ஒரு பதில் சொல்லும். ஆனா இந்தக் கேள்விக்கான சரியான பதில், 1960-ல் இறந்துபோன ஒருத்தரோட வாழ்க்கையில் இருக்கு. ஏன்னா, இரண்டு கம்பெனியையும் தொடங்கியவர் அவர்தான். ஒன்று விலை அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் இருக்கணும்னு திட்டம் போட்டவரும் அவரே. பெயர், ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப்.

12 வயதில் அநாதை

வில்ஸ்டோர்ஃப் பிறந்தது 1881 மார்ச் 22-ம் தேதி, ஜெர்மனியின் பவேரியா பகுதியில் இருக்கும் குல்ம்பாக் என்ற சின்ன ஊரில். குடும்பத்துக்கு இரும்புச் சாமான் வியாபாரம். முதலில் அம்மா, கொஞ்ச காலத்தில் அப்பா என்று இருவரும் இறந்துபோக, 12 வயதிலேயே அவர் அநாதையானார். உறவினர்கள் வியாபாரத்தை விற்று, அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கி, அவரை கோபர்க் நகரில் இருந்த விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள்.

கேட்க வருத்தமாக இருந்தாலும், பிற்காலத்தில் அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தன் பொருளைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது, தன் வெற்றிக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைத்தார். பள்ளியில் அவர் கெட்டிக்காரராக இருந்தது இரண்டு விஷயங்களில். ஒன்று கணக்கு, இன்னொன்று மொழிகள். முக்கியமா இங்கிலீஷ். அதுதான் அவருக்குச் சோறு போட்டது.

ஜெனீவாவில் முத்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கொஞ்ச காலம் தொழில் பழகினார். 1900-ல் சுவிட்சர்லாந்தின் வாட்ச் தொழில் நகரமான லா ஷோ-டி-ஃபோனுக்குப் போனார். கூனோ கோர்ட்டன் என்ற வாட்ச் ஏற்றுமதி நிறுவனத்தில் இங்கிலீஷ் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் குமாஸ்தா வேலை. மாதச் சம்பளம் 80 ஃபிராங்க்.

கடிதம் எழுதுவதோடு அங்கே அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தினமும் நூற்றுக்கணக்கான பாக்கெட் வாட்ச்களுக்குச் சாவி கொடுக்கணும், ஒவ்வொன்றும் சரியான நேரம் காட்டுதா என்று பார்த்துக் குறிக்கணும். கேட்டாலே கொட்டாவி வரும் வேலைதான். ஆனா எந்த வாட்ச் ஓடும், எது இழுக்கும், ஏன் இழுக்கும் என்பதை அவர் கற்றது அங்கேதான். இத்தனைக்கும் அவர் வாட்ச் மெக்கானிக் கிடையாது. கடைசி வரைக்கும் ஆகவும் இல்லை. வாட்ச் செய்யத் தெரியாத ஒருத்தர்தான் உலகத்தின் மிகப் பிரபலமான வாட்ச் கம்பெனியை உருவாக்கினார். இதை மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஆம்பளைங்க கட்டுற பொருளா அது?

1903-ல் லண்டன் போனார். 1905-ல், 24 வயதில், ஆல்ஃபிரட் டேவிஸ் என்பவருடன் சேர்ந்து 'வில்ஸ்டோர்ஃப் அண்ட் டேவிஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த டேவிஸ் அவருடைய தங்கையின் கணவர். கடை இருந்தது நகைத் தொழிலுக்குப் பேர்போன ஹாட்டன் கார்டன் பகுதியில்.

அந்தக் காலத்தில் கைக்கடிகாரம் என்றால் பெண்களின் நகை. ஆண்கள் கோட்டுப் பையில் செயின் போட்ட பாக்கெட் வாட்ச் வைத்திருப்பார்கள். மணிக்கட்டில் கட்டும் அளவுக்கு இயந்திரத்தைச் சின்னதாகச் செய்தால் நேரம் சரியாக இருக்காது, தூசியும் ஈரமும் புகுந்து கெட்டுப்போகும் என்பது தொழிலில் இருந்தவர்களின் எண்ணம். அது வெறும் பிடிவாதம் இல்லை, அன்றைக்கு அது பெருமளவு உண்மையும்கூட.

வில்ஸ்டோர்ஃப் வேறு மாதிரி யோசித்தார். சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் ஈக்லர் என்ற தொழிற்சாலை சின்ன அளவில், ஆனா துல்லியமான இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தது. அவர்களிடம் பெரிய ஆர்டர் கொடுத்தார். இயந்திரம் சுவிட்சர்லாந்தில் இருந்து வரும். அதற்கான கேஸ் வேறு ஒருத்தரிடமிருந்து வரும். இரண்டையும் சேர்த்து பிரிட்டன் முழுக்க இருந்த நகைக்கடைகளுக்கு விற்பார்.

இதில் ஒரு சிக்கல். டயலில் யாருடைய பெயர் இருக்கும்? நகைக்கடைக்காரரின் பெயர்! வில்ஸ்டோர்ஃப் நிறுவனத்தின் அடையாளம் கேஸின் உள்பக்கம், மூடியைத் திறந்தால் மட்டும் தெரியும் இரண்டு எழுத்துகளாக இருக்கும். வாட்சை வாங்குகிறவருக்கு வில்ஸ்டோர்ஃப் என்று ஒருத்தர் இருப்பதே தெரியாது. வாட்ச் நல்லா ஓடினா பேர் கடைக்காரருக்கு. நின்னுபோனா பழுது பார்க்கும் செலவு இவருக்கு.

ஐந்து எழுத்துக்காக ஒரு போராட்டம்

1908-ல் 'ரோலக்ஸ்' என்ற பெயரைப் பதிவு செய்தார். அந்தப் பெயருக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. எழுத்துகளை நூற்றுக்கணக்கான விதங்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாராம். லண்டனின் சீப்சைட் தெருவில் குதிரை இழுக்கும் பஸ்ஸின் மேல்தளத்தில் போய்க்கொண்டிருந்தபோது, யாரோ காதில் சொன்ன மாதிரி இந்தப் பெயர் தோன்றியது என்று பின்னாளில் அவரே கதை சொன்னார். விளம்பரக்காரர் சொன்ன கதை, அப்படியே எடுத்துக்கணும்னு அவசியமில்லை. ஆனா பெயரைத் தேர்ந்தெடுத்த விதத்தில் கணக்கு இருந்தது. இங்கிலீஷில் ஐந்தே எழுத்து, சின்ன டயலில் அடங்கும். எந்த ஐரோப்பிய மொழி பேசுகிறவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி உச்சரிப்பார். ஒரு தடவை கேட்டால் மறக்காது.

பெயர் வைத்தாச்சு. ஆனா நகைக்கடைக்காரர்கள் விடுவார்களா? யாரோ ஒரு சப்ளையரின் பெயரைத் தங்கள் கடை வாட்சில் போட அவங்க தயாராக இல்லை. வில்ஸ்டோர்ஃப் சண்டை போடவில்லை. ஆறு ஆறாகப் பெட்டியில் அனுப்பும் வாட்ச்களில் ஒன்றே ஒன்றில் மட்டும் ரோலக்ஸ் என்று அச்சிட்டு அனுப்பினார். மற்ற ஐந்தும் வழக்கம்போல. கடைக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கொஞ்ச காலம் கழித்து ஆறில் இரண்டு, அப்புறம் மூன்று. 1920-களின் நடுப்பகுதியில்தான் தன்னுடைய எல்லா வாட்சிலும் தன் பெயர் என்று உறுதியாக நிற்கும் நிலைக்கு வந்தார். பதிவு செய்த நாளில் இருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 20 வருஷம்.

நீங்க இன்னிக்கு எக்ஸ்ப்ளோரருக்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தில் பெரிய பங்கு இந்த ஐந்து எழுத்துக்குத்தான் போகுது. அது ஏமாத்து வேலை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெயருக்கு மதிப்பு வருவதற்காக அவர் செய்த வேலைகள் உண்மையானவை. அடுத்து அதைப் பார்க்கலாம்.

கப்பலுக்குக் கொடுக்கும் சான்றிதழ், கைக்கடிகாரத்துக்கு

என் வாட்ச் துல்லியமானது என்று யார் வேணும்னாலும் சொல்லலாம். வில்ஸ்டோர்ஃப் மூன்றாவது நபரைச் சொல்ல வைத்தார். 1910-ல் பீல் நகரின் அதிகாரபூர்வ சோதனை மையத்தில் இருந்து ஒரு ரோலக்ஸ் கைக்கடிகாரம் 'க்ரோனோமீட்டர்' சான்றிதழ் வாங்கியது. 1914 ஜூலையில் லண்டனின் கியூ ஆய்வகம் இன்னொரு ரோலக்ஸுக்கு 'ஏ' கிளாஸ் சான்றிதழ் கொடுத்தது. கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட உதவும் பெரிய கடிகாரங்களுக்குக் கொடுக்கும் தரம் அது. சோதனை 45 நாள். வாட்சை நேராக, படுக்க, சாய்த்து என ஐந்து நிலைகளில் வைப்பார்கள். குளிர்பெட்டியிலும் வைப்பார்கள், சூடான அடுப்பிலும் வைப்பார்கள்.

சான்றிதழ் கையில் வந்த சில வாரங்களிலேயே முதல் உலகப் போர் தொடங்கியது. லண்டனில் ஜெர்மன் பெயரோடு வியாபாரம் செய்வது கஷ்டமானது. பெயர்ப்பலகையில் இருந்து வில்ஸ்டோர்ஃப் நீங்கி, கம்பெனி 'ரோலக்ஸ் வாட்ச் கம்பெனி' ஆனது. 1915-ல் பிரிட்டன் அரசு இறக்குமதி வாட்ச்களுக்கு 33 சதவீதத்துக்கு மேல் வரி போட்டது. இயந்திரம் முழுக்க வெளிநாட்டில் இருந்து வரும் தொழிலுக்கு இது பெரிய அடி. மெல்ல மெல்ல எல்லாம் சுவிட்சர்லாந்துக்கு நகர்ந்தது. 1920-ல் ஜெனீவாவில் 'மாண்ட்ரே ரோலக்ஸ்' பதிவானது. ரோலக்ஸ் லண்டனில் பிறந்த கம்பெனி என்பது இப்போது நிறைய பேருக்குத் தெரியாது.

போர் வேறொரு விதத்தில் அவருக்கு உதவியது. பதுங்குகுழியில் இருக்கும் சிப்பாய் பையில் இருந்து வாட்சை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கைக்கடிகாரம் கட்டிய ஆண்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு அதை யாரும் பெண்களின் நகை என்று கேலி செய்யவில்லை.

தண்ணீர் புகாத சிப்பி

துல்லியம் முடிந்தது. மிச்சம் இருந்தது தூசியும் தண்ணீரும். வாட்சின் பலவீனமான இடம் எது தெரியுமா? பக்கவாட்டில் இருக்கும், சாவி கொடுக்கும் குமிழ். கிரவுன் என்பார்கள். உள்ளே போகும் தண்டுக்காக ஓட்டை போட்டே ஆகணும், அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாமே புகும். பெர்ரிகோ, பெர்ரே என்ற இரண்டு சுவிஸ்காரர்கள், பாட்டில் மூடி மாதிரி திருகி இறுக்கும் கிரவுனுக்குக் காப்புரிமை வைத்திருந்தார்கள். வில்ஸ்டோர்ஃப் அதை விலைக்கு வாங்கினார். முன்பக்க வளையம், பின்பக்க மூடி, கிரவுன் மூன்றும் திருகி இறுகும் கேஸ் 1926-ல் வந்தது. அதற்கு வைத்த பெயர் 'ஆய்ஸ்டர்', அதாவது சிப்பி.

அடுத்த வருஷம் மெர்சிடிஸ் கிளைட்சே என்ற இளம்பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். சில நாள்களிலேயே வேறொரு பெண் தானும் கடந்ததாகப் பொய் சொல்லி மாட்டிக்கொள்ள, கிளைட்சே மீதும் சந்தேகம் வந்தது. அதனால் அக்டோபர் 21-ம் தேதி மறுபடி இறங்கினார். இந்த முறை அவர் கழுத்தில் ஒரு ரோலக்ஸ் ஆய்ஸ்டர், வில்ஸ்டோர்ஃப் ஏற்பாடு. குளிர் தாங்காமல் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்திய நிலையில் அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. கால்வாயை அந்த முறை அவர் கடக்கவில்லை. ஆனா வாட்ச் நிற்கவில்லை. நவம்பர் 24-ம் தேதி 'டெய்லி மெயில்' பத்திரிகையின் முதல் பக்கம் முழுவதும் ரோலக்ஸ் விளம்பரம். இன்றைக்கு நாம பார்க்கிற 'பிராண்ட் அம்பாசடர்' சமாசாரத்தின் ஆரம்பகால உதாரணங்களில் இதற்கு இடம் உண்டு.

இன்னொரு தொல்லை பாக்கி. தினமும் சாவி கொடுக்க கிரவுனைத் திறக்கணும், திறந்தவர் மறுபடி இறுக்க மறந்தால் அவ்வளவுதான், தண்ணீர் உள்ளே. அப்போ சாவியே கொடுக்க வேண்டாம்னா? ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் தானாகச் சுற்றிக்கொள்ளும் கைக்கடிகாரத்துக்கு 1920-களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அதில் எடைத்துண்டு இரண்டு பக்கமும் முட்டி முட்டித் திரும்பும். ரோலக்ஸ் 1931-ல் கொண்டுவந்த 'பெர்பெச்சுவல்' அமைப்பில் அது முழு வட்டமாகச் சுழலும். கை அசைய அசைய உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறும். இன்றைய ஆட்டோமேட்டிக் வாட்ச்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் ஓடுகின்றன. கவனிச்சீங்களா, கிரவுன் காப்புரிமை வாங்கியது, இயந்திரம் ஈக்லருடையது. வில்ஸ்டோர்ஃபின் திறமை எதை எதோடு சேர்க்கணும், அதை உலகத்துக்கு எப்படிச் சொல்லணும் என்பதில் இருந்தது.

சரி, டியூடர் எங்கிருந்து வந்தது?

இப்போதான் நம்ம விஷயத்துக்கு வர்றோம்.

ஆய்ஸ்டர் வந்த அதே 1926-ன் பிப்ரவரியில், ஜெனீவாவில் இன்னொரு பெயரும் பதிவானது. 'தி டியூடர்'. இங்கிலாந்தை ஆண்ட அரச வம்சத்தின் பெயர். வில்ஸ்டோர்ஃபுக்காக அதைப் பதிவு செய்தவர் பிலிப் ஹூதர் என்ற வாட்ச் தயாரிப்பாளரின் மனைவி, கணவரை இழந்து தொழிலை நடத்தியவர். 1936-ல் உரிமை முழுமையாக வில்ஸ்டோர்ஃப் கைக்கு வந்தது. 1946 மார்ச் 6-ம் தேதி டியூடர் தனி நிறுவனமானது.

நோக்கத்தை அவர் மறைக்கவில்லை. ரோலக்ஸ் என்றால் எந்த நம்பிக்கை இருக்கோ, அதே நம்பிக்கையோடு, ஆனா குறைந்த விலையில் ஒரு வாட்சைத் தன் ஏஜென்ட்டுகள் விற்கணும் என்று பல வருஷமாக யோசித்ததாக வெளிப்படையாகவே சொன்னார்.

அப்படின்னா விலை குறைந்த ரோலக்ஸ் ஒன்றை விட்டிருக்கலாமே? அங்கேதான் அந்த 20 வருஷப் போராட்டம் குறுக்கே வருது. அவ்வளவு பாடுபட்டு டயலில் ஏற்றிய பெயரை மலிவு வாட்சில் போட்டால், மேலே இருக்கும் வாட்சின் மதிப்பும் சேர்ந்து இறங்கும். யூனிகார்ன், மார்கோனி, ரோல்கோ என்று வேறு சில பெயர்களையும் விலை குறைந்த வாட்ச்களுக்கு அவர் முயன்று பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. டியூடர் நின்றது.

எந்த இடத்தில் செலவைக் குறைத்தார் என்பது இன்னும் சுவாரசியம். தண்ணீர் புகாத கேஸ் ரோலக்ஸிடம் இருந்து. கிரவுனும் ரோலக்ஸ் கிரவுன், மகுட முத்திரையோடு. உத்தரவாதமும் ரோலக்ஸ் பெயரில். உள்ளே இருக்கும் இயந்திரம் மட்டும் வெளியே வாங்கியது. தரமானதுதான், ஆனா ரோலக்ஸுக்கென்றே செய்த ஒன்று இல்லை. பாடி பெரியண்ணன் காரு, இன்ஜின் வேற கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1952-ல் 'டியூடர் ஆய்ஸ்டர் பிரின்ஸ்' வந்தபோது விளம்பரத்தில் யாரைக் காட்டினார்கள் தெரியுமா? சுரங்கத்தில் கையால் நிலக்கரி வெட்டும் தொழிலாளி, ரோடு தோண்டும் டிரில் மெஷின்காரர், கல் உடைப்பவர், கரடுமுரடான பாதையில் பைக் ஓட்டுகிறவர். அந்த அதிர்ச்சியிலும் வாட்ச் நிற்கவில்லை என்பதுதான் செய்தி. ரோலக்ஸ் விளம்பரங்கள் தலைவர்களையும் சாதனையாளர்களையும் தேடிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. என் கண்ணுக்கு வில்ஸ்டோர்ஃப் வெளியிட்டதிலேயே நேர்மையான விளம்பரங்கள் இந்த டியூடர் விளம்பரங்கள்தான்.

அதே வருஷம் ஜூலையில் பிரிட்டிஷ் வட கிரீன்லாந்து ஆய்வுக் குழு கப்பலேறியது. இரண்டு வருஷம் பனியில் இருக்கப் போகும் அந்தக் குழுவினர் கையில் டியூடர் ஆய்ஸ்டர் பிரின்ஸ். வானொலியில் வரும் நேர அறிவிப்போடு ஒப்பிட்டு வாட்ச் எப்படி ஓடுகிறது என்று குறித்து வைக்கச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வருஷம், 1953 மே 29, எவரெஸ்ட் உச்சியில் டென்சிங்கும் ஹிலாரியும். அந்தக் குழுவுக்கு ரோலக்ஸ் வாட்ச்கள் கொடுத்திருந்தது. உச்சியில் இருந்தது எந்த வாட்ச் என்று இன்றும் வாதம் நடக்கிறது, ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியும் பெருமையில் பங்கு கேட்கும். ரோலக்ஸ் காத்திருக்கவில்லை, அதே வருஷம் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரில் வாட்ச் கொண்டுவந்தது.

கிரீன்லாந்து பயணத்தின் 70-வது ஆண்டையொட்டி 2022-ல் டியூடர் வெளியிட்டதுதான் இப்போதைய ரேஞ்சர். ஆக, உங்களைக் குழப்பும் இரண்டு வாட்சும் அடுத்தடுத்த வருஷங்களில் நடந்த இரண்டு சாகசப் பயணங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவை. இரண்டு குழுவுக்கும் வாட்ச் கொடுத்தது ஒரே முதலாளி.

போர்க்கைதிகளுக்குக் கடன், கூடவே ஒரு நிழல்

வில்ஸ்டோர்ஃப் பற்றி அடிக்கடி பகிரப்படும் கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் முகாம்களில் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தினர், பறிபோன தங்கள் வாட்சுக்குப் பதிலாக ஜெனீவாவுக்குக் கடிதம் எழுதி ரோலக்ஸ் ஆர்டர் செய்தார்கள். பணம் போர் முடிந்த பிறகு கொடுத்தால் போதும் என்று சொல்லி வாட்சை அனுப்பி வைத்தார் வில்ஸ்டோர்ஃப். கிளைவ் நட்டிங் என்ற கைதி 1943-ல் அப்படி வாங்கிய வாட்சும் கடிதங்களும் பிற்காலத்தில் ஏலத்துக்கே வந்தன. ஜெர்மனி ஜெயித்தால் ஒரு பைசா வராத கடன் அது. நல்ல மனசு, கூடவே நல்ல விளம்பரம்.

இந்தக் கதையை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் இன்னொன்றைச் சொல்வதில்லை. அதே போர்க்காலத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறையின் கோப்புகள், அவருக்கு நாஜி அனுதாபம் இருப்பதாகச் சந்தேகப்பட்டன. இத்தனைக்கும் அவர் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியவர். இந்தக் கோப்புகள் 2025-ல் செய்தியானபோது, சுயேச்சையான வரலாற்று ஆய்வாளர் ஒருவர் விசாரித்து வருவதாக ரோலக்ஸ் சொன்னது. உளவுத்துறைச் சந்தேகம் என்பது தீர்ப்பு ஆகாது. அதே நேரம், கைதிகளுக்குக் கடன் கொடுத்தார் என்பதற்காக அந்தப் பக்கத்தை மடித்து வைக்கவும் முடியாது.

மனைவி புளோரன்ஸ் 1944-ல் இறந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 1945-ல் 'ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் அறக்கட்டளை'யை உருவாக்கினார். 1960 ஜூலை 6-ம் தேதி ஜெனீவாவில் அவர் இறந்த பிறகு ரோலக்ஸின் பங்குகள் முழுவதும் அதற்குப் போயின. இன்றும் ரோலக்ஸ், டியூடர் இரண்டுக்கும் முதலாளி அந்த அறக்கட்டளைதான். பங்குச் சந்தையில் இரண்டும் கிடையாது.

இப்போ எதை வாங்குறது?

டியூடருக்கு வெளி இயந்திரம் என்ற பழைய கணக்கு 2015-ல் மாறத் தொடங்கியது. இப்போது டியூடர் தன் குழுமத்தின் கெனிஸி தொழிற்சாலையில் செய்த இயந்திரங்களைப் பயன்படுத்துகிறது. ரேஞ்சரில் இருப்பதும் அப்படி ஒன்றுதான். காந்தத்தால் பாதிக்கப்படாத சிலிக்கான் ஸ்பிரிங், க்ரோனோமீட்டர் சான்றிதழ் எல்லாம் உண்டு. முழு வாட்சாகப் பொருத்திய பிறகு ஒரு நாளைக்கு 2 விநாடி பின்னால் அல்லது 4 விநாடி முன்னால் போகலாம், அதைத் தாண்டக் கூடாது என்பது டியூடரின் கணக்கு. எக்ஸ்ப்ளோரருக்கு இரண்டு பக்கமும் 2 விநாடி. வாழ்க்கையில் இந்த வித்தியாசத்தை நீங்க உணரப் போறதில்லை. சொல்லப்போனா, சில ஆயிரம் ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் இரண்டையும் விடத் துல்லியமா ஓடும். உத்தரவாதக் காலம் இரண்டுக்கும் 5 வருஷம்.

கண்ணுக்கும் கைக்கும் தெரியும் வித்தியாசம் இருக்கு. எக்ஸ்ப்ளோரரில் துருவை இன்னும் நன்றாக எதிர்க்கும் 904எல் ரக ஸ்டீல், ரேஞ்சரில் பெரும்பாலான நல்ல வாட்ச்களில் வரும் 316எல். எக்ஸ்ப்ளோரர் டயலின் எண்கள் தங்கத்தில் செய்து பதித்தவை, ரேஞ்சரில் பெயின்ட். விளிம்புகளின் பாலிஷ், கிரவுனைத் திருகும்போது விரலுக்குக் கிடைக்கும் வழுவழுப்பு இதிலெல்லாம் ரோலக்ஸ் ஒரு படி மேலே. ஆனா அது ரெண்டு மடங்கு விலைக்கான ரெண்டு மடங்கு கிடையாது. மிச்சப் பணம் பெயருக்கு.

பெயருக்குப் பணம் கொடுப்பது முட்டாள்தனமா? விற்க நினைத்தால் அந்தப் பெயர் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும், ரேஞ்சர் அந்த அளவுக்குக் கொடுக்காது. ஆனா முதல் வாட்சை விற்கும் கணக்கோடு வாங்கினா, கீறல் விழுமோன்னு பயந்து பயந்துதான் கட்டுவீங்க. சுரங்கத் தொழிலாளியைக் காட்டி விற்ற வாட்சில் அந்தப் பயம் குறைவு. இன்னொன்று, ரோலக்ஸைக் கடையில் போய்க் கேட்டவுடன் பெரும்பாலும் கொடுக்க மாட்டாங்க, பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கணும். பொறுமை இல்லாமல் ஆன்லைனில் யாரிடமோ வாங்கி, போலியில் மாட்டுகிற ஆபத்து அங்கேதான் தொடங்குது. பழைய ரோலக்ஸ்தான் வேணும்னா, 2022 முதல் அந்தக் கம்பெனியே பரிசோதித்துச் சான்றளித்து அங்கீகரிக்கப்பட்ட கடைகள் மூலம் விற்கும் திட்டம் இருக்கு.

இஎம்ஐ போட்டுத்தான் எக்ஸ்ப்ளோரர் வாங்க முடியும்னா, என் ஓட்டு ரேஞ்சருக்கு. பணம் கையில் இருக்கு, டயலில் அந்த ஐந்து எழுத்து இல்லைன்னா மனசு ஆறாதுன்னா, ரேஞ்சர் வாங்கி ஒரு வருஷத்தில் விற்று நஷ்டப்படுவதற்கு பதில் காத்திருந்து எக்ஸ்ப்ளோரரையே வாங்கிடுங்க. எதுவானாலும் சில வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செலவு வரும், அதையும் பட்ஜெட்டில் சேருங்க.

முடிவு பண்ணும் முன் இரண்டையும் கட்டிப் பாருங்க. எக்ஸ்ப்ளோரர் 36 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் அளவுகளில் வருது. 2022-ல் வந்த ரேஞ்சர் 39 மில்லிமீட்டர். மெலிந்த மணிக்கட்டில் இந்த 3 மில்லிமீட்டர், ஸ்டீல் ரகத்தை விடப் பெரிய விஷயம்.

வாங்கிய பிறகு, நேரம் சரிசெய்ய கிரவுனைத் திறந்தால் மறுபடி கடைசி வரை திருகி மூடுங்க. 1931-லேயே வில்ஸ்டோர்ஃபுக்குத் தலைவலியாக இருந்த அந்த மறதிக்கு, இரண்டு கம்பெனியிலும் இன்னும் மருந்து கிடையாது.